அடிகளின் எண்ணிக்கை மட்டும் போதுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கிறோம். தரம் 6இல் படிக்கும் மகனின் ஸ்மார்ட் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 அடிகளைக் காட்டுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மகள் வாரத்தில் இரு நாள்கள் வலைப்பந்தாட்டப் பயிற்சிக்குச் செல்கிறார். மற்ற நாள்கள் பாடசாலை, வான், தனியார் வகுப்பு என்றே கழிகின்றன. இருவருக்கும் போதிய உடலியக்கம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமானது முதல் கடுமையானது வரையிலான இயக்கம் தேவை, வாரத்தில் மூன்று நாள்களாவது கடுமையான இயக்கமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் இயக்கமும் அதில் அடங்க வேண்டும். 'சராசரி' என்பதால், ஒருநாள் குறைந்தால் மறுநாள் ஈடுசெய்யலாம். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது ஒரு நாளையல்ல, மொத்தம் 420 நிமிட இயக்கம் தேவைப்படும் ஒரு முழு வாரத்தை.

மகனின் 8,000 அடிகளை வைத்து மட்டும் நான் எதையும் முடிவுசெய்ய மாட்டேன். வகுப்பறைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் இடையில் மெல்ல நடந்ததும் காலிமுகத்திடலில் பந்தைத் துரத்தி ஓடியதும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன. சைக்கிள் ஓட்டமும் நீச்சலும் அதில் சரியாகப் பதிவாவதில்லை. உடல் அசைவைப் பதிவுசெய்யும் கருவியான முடுக்கமானியை ஆய்வாளர்கள் பல நாள்கள், வார இறுதியையும் சேர்த்து, அணிவிப்பதும் இயக்கத்தின் கடுமையையும் நாளுக்கு நாள் அது வேறுபடுவதையும் அறிவதற்காகத்தான்.

வீட்டில் அதற்குப் பதிலாக உதவும் எளிய அளவுகோல் மூச்சு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் இயக்கம் மிதமானது. சில சொற்களுக்கு மேல் இடைவிடாமல் பேச முடியாவிட்டால் கடுமையானது. பரீட்சையோ பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியோ இல்லாத ஒரு வழக்கமான வாரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். "இன்று எத்தனை நிமிடம் விளையாடினாய்?" என்று மகனிடம் கேட்டால் மனதில் தோன்றியதைத்தான் சொல்வான், ஏனெனில் இந்த வயதினரின் விளையாட்டு சில விநாடிகள் ஓடுவதும் நிற்பதுமாகவே அமைகிறது. "இடைவேளையில் என்ன செய்தாய், யாரோடு, மூச்சு வாங்கியதா?" என்று நிகழ்வுகளின் வழியே கேட்டால் உண்மைக்கு நெருங்கிய விடை கிடைக்கும். மழை விடாது பெய்யும் ஒரு வாரத்திலும் இதை மீண்டும் செய்து பாருங்கள். கொழும்புப் பிள்ளைகளின் இயக்கம் அப்போது பெரிதும் மாறக்கூடும்.

மகளின் நிலைதான் எனக்கு உண்மையான கவலை தருகிறது. ஒவ்வொரு பயிற்சியிலும் முறைக்காகக் காத்து நின்ற நேரத்தைக் கழித்து 45 நிமிடங்கள் ஓடினார் என்று கொண்டாலும் வாரத்துக்கு 90 நிமிடங்களே ஆகின்றன. மெலிந்திருப்பதை வைத்து இயக்கம் போதுமென்று எண்ணிவிடாதீர்கள். உடல் எடை இதற்கு அளவுகோல் அல்ல. வகுப்புக்கு வானில் செல்லும் தூரம் பாதுகாப்பாக நடக்கக்கூடியதாயின் விரைந்து நடப்பதும், ஞாயிறு காலையில் கடற்கரையோரம் ஓடுவதும் படிப்பு நேரத்தைப் பெரிதாகக் குறைக்காமல் கணக்கில் சேரும். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ ஏற்பட்டால், கொப்பியை மூடிவிட்டு முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.