மெட்டல் பாக்ஸ் என்று ஒப்பந்தம்; சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக்: வழக்குப் போடலாமா?

கேள்வி: தூத்துக்குடி புறநகரில் சொந்த மனையில் 1,400 சதுர அடிக்கு வீடு கட்டினோம். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று ஒப்பந்தம். இதுவரை 30,70,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். பாக்கி ஒன்றரை லட்சம். ‘சுவிட்ச், பிளக் பாயிண்ட் அனைத்துக்கும் 18 கேஜ் ஜி.ஐ. மெட்டல் பாக்ஸ், எர்த் இணைப்புடன். மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி.’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன மழையில், அடுப்படி மிக்ஸி பாயிண்ட்டின் கவர் கழன்றிருந்ததைக் கவனிக்காமல் உள்ளே இருந்த ஸ்க்ரூவில் கை வைத்த என் மாமியாருக்கு ஷாக் அடித்துவிட்டது. வயர்மேனைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தால், மெல்லிய தகரப் பாக்ஸ், அதுவும் துருப்பிடித்து, எர்த் ஒயரே மாட்டாமல் இருந்தது. படுக்கையறைகளில் பிளாஸ்டிக் பாக்ஸ். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லவே இல்லை. ஒப்பந்ததாரரைக் கேட்டால், ‘உப்புக்காற்று ஊரில் மெட்டல் நிற்காது, அதனால்தான் பிளாஸ்டிக் வைத்தேன். ஷாக் அடித்ததே மெட்டலால்தான்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறார். பாக்கியைத் தராவிட்டால் கேஸ் போடுவேன் என்றும் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, சட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்ததும் மெயின் பாக்ஸில் அடுப்படிக்குப் போகும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரக் கையோடு நிற்கும் இடம் அது. வழக்குக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று மின்சாரம் பாயும் பாக்ஸை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஆனால் அதைச் சரிசெய்வதற்கு முன்பு செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு; கீழே சொல்கிறேன்.

‘ஷாக் அடித்தது மெட்டலால்தான்’ என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். ஒப்பந்ததாரர் நாளை நுகர்வோர் ஆணையத்திலும் இதையேதான் சொல்வார். பாக்ஸின் ஓட்டை விளிம்பு கூராக இருந்து ஒயரின் தோலைக் கீறினாலோ, நெருக்கி அடைத்த ஒயர்மேல் பிரேம் ஸ்க்ரூ இறங்கினாலோ, பாக்ஸ் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். பாக்ஸில் எர்த் ஒயர் மாட்டியிருந்தால், அந்த மின்சாரம் ஒரேயடியாக எர்த்துக்குப் பாய்ந்து எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுந்துவிடும், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எர்த்தும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை என்றால் மின்சாரம் பாக்ஸிலேயே நிற்கும், யாராவது கை வைக்கும் வரை. உங்கள் மாமியாருக்கு நடந்தது இதுதான். குற்றம் இரும்பின் மேல் இல்லை. மாட்டாமல் விட்ட எர்த் ஒயரிலும் வைக்காமல் விட்ட ஆர்.சி.சி.பி.யிலும் இருக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இது.

பிளாஸ்டிக் பாக்ஸ் வைப்பது சட்டப்படி தவறா என்றால், இல்லை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5133-இன் முதல் பகுதி எஃகு, வார்ப்பிரும்புப் பாக்ஸ்களுக்கானது. இரண்டாம் பகுதி மின்சாரம் கடத்தாத பொருளில் செய்த பாக்ஸ்களுக்கானது. இரண்டுக்கும் இடம் உண்டு. கடலோர ஊரில் மெல்லிய தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே ‘பிளாஸ்டிக் வைத்தார், அது ஆபத்து’ என்று வழக்கைத் தொடங்காதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்தே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். உப்புக்காற்று வேலை தொடங்கிய பிறகு வந்ததல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றும் தூத்துக்குடியில் உப்புக்காற்று வீசியது. மாற்ற வேண்டும் என்று நினைத்தவர் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், விலை வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் சம்மதத்தை எழுதி வாங்கியிருக்க வேண்டும். கேட்காமல் மாற்றி, பூசி மறைத்தது ஒப்பந்த மீறல். நுகர்வோர் சட்டத்தின் மொழியில் சேவைக் குறைபாடு.

எர்த் இணைப்பும் ஆர்.சி.சி.பி.யும் வேறு வகை. அவை ஒப்பந்தத்தில் இல்லாமல் போயிருந்தாலும் கேட்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், வீட்டு இணைப்புகளில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியைக் கேட்கின்றன. வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் கசிவிலேயே அது விழ வேண்டும். மின்சாரம் ஏறக்கூடிய உலோகப் பாகங்களுக்கு எர்த் கொடுப்பதும் கட்டாயம். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு மின் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது வயரிங் முடிந்ததற்கான அறிக்கையில் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அதன் நகலைக் கேளுங்கள்; மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தால், கையெழுத்துப் போட்டவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கும் அவர்மேல் புகார் அனுப்பலாம்.

இனி ஆதாரம். வீடு கட்டிய வழக்குகள் பலவும் தோற்பது சட்டம் இல்லாமல் அல்ல. கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்து மாற்றிவிட்டு, பழையது எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றும் இல்லாமல் வந்து நிற்பதால்தான். உரிமம் பெற்ற வேறொரு மின் ஒப்பந்ததாரரை அழைத்து வீடு முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். எத்தனை பாயிண்ட், அவற்றில் எத்தனை மெட்டல், எத்தனை பிளாஸ்டிக், தகடு எவ்வளவு கனம், ஒவ்வொரு பாக்ஸுக்கும் எர்த் தொடர்பு உண்டா, ஒயரின் இன்சுலேஷன் மெகர் என்ற சோதனைக் கருவியில் எவ்வளவு காட்டுகிறது, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அறிக்கையில் அவருடைய உரிம எண்ணும் கையெழுத்தும் இருக்கட்டும். 18 கேஜ் என்றால் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், தகட்டின் கனத்தை அளக்கும் காலிப்பரை வைத்து அளப்பது படத்தில் தெரிய வேண்டும். சோதிக்கும் நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே ஒப்பந்ததாரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதி, ‘வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்கள் பக்கம் பேசும்.

அதன் பிறகு அடுப்படியை உடனே சரிசெய்யுங்கள். கழற்றிய பாக்ஸை எறிய வேண்டாம். எந்தப் பாயிண்ட், எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டி, வேலை செய்தவரும் பக்கத்து வீட்டார் ஒருவரும் கையெழுத்துப் போட்ட தாளோடு பையில் கட்டி வையுங்கள். பில்லும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யையும் இப்போதே போட்டுவிடுங்கள். செலவைப் பிறகு கேட்டு வாங்கலாம், உயிரை வாங்க முடியாது.

‘அதனால்தான் பிளாஸ்டிக் வைத்தேன்’ என்று அவர் போட்ட வாட்ஸ்அப் செய்தி உங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். ஒப்பந்தத்தில் இருந்ததை மாற்றினேன் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞர் தயார் செய்துகொள்வார்.

எங்கே போவது? சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டியதால் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. (பதிவான திட்டத்தில் பிளாட் வாங்கியவர்களுக்கு அது நல்ல வழி: வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் வேலைத்தரக் குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.) நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ‘சேவை’ என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வரையறுக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 முதல் 50 லட்சம் வரைக்கான கட்டணம் 1,000 ரூபாய். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இணைய வழியிலும் வசதி இருக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்’ என்று அவர் சொல்லும் வாக்குறுதிகளால் அந்தக் கெடு நீளாது. காத்திருந்தே நாளைத் தொலைத்தவர்கள் நிறைய.

அதற்கு முன் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் கொடுத்தால் போதும். பாக்கி ஒன்றரை லட்சத்தைப் பற்றி அதில் தெளிவாக எழுத வேண்டும்: ‘தரமாட்டேன்’ என்று எழுதாதீர்கள். ‘குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம், ஒப்பந்தப்படி வேலை முடிந்ததும் தரத் தயார்’ என்று எழுதுங்கள். அந்தத் தொகையை வங்கிக் கணக்கில் தொடாமல் வையுங்கள். அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் பாக்கிக்கு வழக்குப் போட்டால், அரைகுறை வேலையால் உங்களுக்கு ஆன இழப்பை அதே வழக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு அந்த இழப்பீட்டுக்கு அடிப்படை. ஒன்றை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை: பாக்கிக்குப் பின்தேதியிட்ட காசோலை ஏதும் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் உடனே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்காகிவிடும். வங்கியில் ‘நிறுத்து’ என்று எழுதிக் கொடுப்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். வீடு முழுக்க எல்லாப் பாக்ஸையும் பெயர்த்து மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றும். என் கருத்து வேறு. படுக்கையறை விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளுக்கு இருக்கும் பிளாஸ்டிக் பாக்ஸ் தரமானதாக இருந்து, அங்குள்ள பிளக் பாயிண்ட்டுகளின் எர்த் முனைக்கு எர்த் சரியாக வருகிறது என்று சோதனையில் தெரிந்தால், பூச்சையும் பெயிண்ட்டையும் உடைத்து மாற்றுவதில் உங்களுக்கு லாபம் இல்லை. அங்கே விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். ஏ.சி., கீசர், அடுப்படி, மோட்டார் என்று அதிக மின்சாரம் இழுக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட்டுகளில் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே ஒயர் முனை தளர்ந்து சூடேறினால் மட்டமான பிளாஸ்டிக் இளகும், எரியவும் கூடும். மெட்டல் பாக்ஸ் தீயைத் தனக்குள் அடக்கும். அந்தப் பாயிண்ட்டுகள் ஒப்பந்தப்படி மாற வேண்டும். சுவர் கொத்தி, பூசி, பெயிண்ட் அடிக்கும் செலவோடு சேர்த்துக் கேளுங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியே கேட்கலாம். மாமியாரை மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் பில்லையும் இணையுங்கள். பத்து லட்சம், இருபது லட்சம் என்று மனம்போன தொகை போட்டால் சோதனை அறிக்கையின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

புதிதாக மாற்றும் பாக்ஸ் துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ள 18 கேஜ் ஆக இருக்கட்டும். உள்ளே எர்த் மாட்டத் தனி ஸ்க்ரூ இருக்க வேண்டும். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் போட வேண்டும். ஆழம் குறைந்த பாக்ஸில் ஒயரைத் திணித்து மூடக் கூடாது. சுவிட்சிலும் ஒயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

நோட்டீஸ் கண்டதும் அவர் சமாதானத்துக்கு வர வாய்ப்பு அதிகம். வந்தால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். எந்தெந்தப் பாயிண்ட், என்ன பாக்ஸ், எந்தத் தேதிக்குள் என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். பூசி மூடுவதற்கு முன் நீங்கள் அழைத்த மின் ஒப்பந்ததாரர் ஒவ்வொரு பாக்ஸின் எர்த் தொடர்பையும் சோதித்து எழுதித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த அன்று, நீங்கள் செய்த அடுப்படிச் செலவையும் ஆர்.சி.சி.பி. செலவையும் கழித்துக்கொண்டு மீதியை வங்கி வழியாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.