கேள்வி பதில்: கல்லூரியில் பாலியல் சீண்டல் நடந்தால் என்ன செய்வது?

நான் வழக்கறிஞர். மூன்று கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். மாணவர்கள் ‘விசாகா கமிட்டி’ என்று சொல்வது இதைத்தான். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில இங்கே.

இரண்டாமாண்டு மாணவி: அக்கா, ஆய்வகத்தில் ஒரு சீனியர் நான்கு மாதங்களாக வேண்டுமென்றே உரசுகிறார், இரவில் ஆபாசமாகச் செய்தி அனுப்புகிறார். காலம் கடந்துவிட்டது என்கிறார் துறைத் தலைவர்.

கடக்கவில்லை, தங்கை. புகார் கொடுக்க உள்ள மூன்று மாதக் கெடு கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்துதான் தொடங்கும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது குழு, துறைத் தலைவர் அல்ல.

இன்றே எழுத உட்காருங்கள். ஒருமுறை ஒரு மாணவி நான்காக மடித்த தாளை என்னிடம் நீட்டினார். ‘அவர் சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்று ஒரே வரி. புகார் எழுத முடியாதவருக்கு உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, “அன்று என்ன கிழமை?” என்று கேட்டேன். “செவ்வாய், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய நாள்” என்றார். அந்த நோட்டிலேயே தேதி இருந்தது. பிறகு எந்த மேசை, யார் எதிரே நின்றார்கள், என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முடித்தபோது மூன்று பக்கம். விசாரணையில் அந்த மூன்று பக்கத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரியட்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

இறுதியாண்டு மாணவர்: என் தோழி பலாத்காரத்துக்கு ஆளாகியிருக்கிறாள். நேற்றிரவு என்னிடம் மட்டும் சொன்னாள். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நம்புங்கள். ‘அங்கே ஏன் போனாய்?’ என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அடுத்தது மருத்துவமனை. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், எப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன், 72 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால் மட்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மகளிர் உதவி எண் 181 இரவிலும் எடுப்பார்கள்.

ஒரு தாய்: “பேசி முடித்துக்கொள்வோம், பெண்ணின் பெயர் கெட்டுவிடும்” என்கிறார் கல்லூரி முதல்வர்.

இந்த வாக்கியத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது, அம்மா. சமரசம் உங்கள் மகள் தானாகக் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பெயர் கெடும் என்று அஞ்சுகிறவர், பெயரைக் காக்கத் தானே கடமைப்பட்டவர்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எப்.ஐ.ஆர். அவருடைய விவரங்களோடு வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. விசாரணையைப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழுவிடம் ஒப்படைத்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டுகள் சிறை. புகார் கொடுத்த அந்தப் பெண் எந்த விதத்திலும் தாழ்ந்துவிடவில்லை.

ஆராய்ச்சி மாணவி: வழிகாட்டிப் பேராசிரியர் மீதே புகார். ஆய்வேடு அவர் கையில்.

விசாரணை முடியும்வரை உங்கள் பணியை அவர் மதிப்பிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. புகாரிலேயே இந்தக் கோரிக்கையை எழுதுங்கள், தனிக் கடிதமாகப் பிறகு கொடுக்கலாம் என்று விடாதீர்கள்.

முதலாண்டு மாணவர்: பையன்களுக்கு நடந்தால்?

ஆண் மாணவர்களும் திருநரும் பாதிக்கப்படலாம் என்பதை யு.ஜி.சி. விதிகளே ஒப்புக்கொள்கின்றன. ராகிங் என்ற பெயரில் விடுதியில் நடப்பதும் இதில் சேரும். தயங்காமல் புகார் கொடுங்கள், தம்பி.

மாணவர் பிரதிநிதி: நடக்காமல் தடுக்க நாங்கள் என்ன செய்யலாம்?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வரும்போது சிரிப்பு முகம் போடும் முதல் ஐந்து பேரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். படம் எடுக்கச் சம்மதித்தவர், அதைப் பரப்பச் சம்மதித்ததாகச் சட்டம் கருதுவதில்லை என்று சொல்லுங்கள். பல பேர் அதைத் தெரியாமலேயே குற்றத்தில் மாட்டுகிறார்கள்.

பிறகு அறிவிப்புப் பலகைக்குப் போங்கள். குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா? மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டியலில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர் தலைவராக இருந்தார். அந்தத் தொலைபேசி எண் மணியடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் பலகையில் உள்ள எண்ணை இன்று மாலையே அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.