எஸ் மீட்டரை மறந்துவிட்டுக் கேளுங்கள்: நீளக் கம்பி ஆன்டெனா கேள்வி–பதில்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியைக் கேட்க மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி கட்டினேன் சார். ரிசீவரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் எப்போதும் 9-ல் நிற்கிறது. ஆனால் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு குரலும் கேட்கவில்லை, ஒரே இரைச்சல். இன்னும் நீளமாகக் கட்டினால் சரியாகுமா? (திண்டுக்கல்)

ஆகாது. நீளத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்துதான் கூடும். மீட்டர் காட்டுவது உங்கள் தெருவின் எல்இடி பல்புகளையும் சார்ஜர்களையும்.

முதலில் ஒரு சோதனை. ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு 'மெயினை அணைத்தும் போகவில்லை' என்கிறார்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் அகப்படுவார். என் வீட்டில் அகப்பட்டது பூஜை அறையின் சின்ன எல்இடி விளக்கு. அதை மாற்றியதில் கிடைத்த பலன், அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஆன்டெனாவை மாற்றி மாற்றிக் கட்டியதில் கிடைக்கவில்லை.

மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது அக்கம்பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே போய்ச் சண்டை போட முடியாது. கம்பி தொடங்கும் இடத்தை வீட்டைவிட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்: மாடியின் கடைசி மூலை, அல்லது தோட்டத்துச் சுவர். அங்கிருந்து ரிசீவர் வரை கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் போல, நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது).

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேபிளின் உலோகப் பின்னலே ஓர் ஆன்டெனாவாகி, வீட்டு இரைச்சலைச் சுமந்துபோய்க் கம்பியின் தொடக்கத்தில் உள்ளே நுழைக்கும். ஆகவே கம்பியையும் கேபிளையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கட்டும். பிஎன்-73-202 என்ற இரட்டைத் துளை ஃபெரைட் கோரில் கேபிள் பக்கம் 2 சுற்று, கம்பி பக்கம் 6 சுற்று; சுற்று விகிதம் 3:1, மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) விகிதம் அதன் வர்க்கம், இதுவே 9:1. கம்பி பக்கச் சுருளின் மறுமுனைக்கு, அங்கேயே மண்ணில் அடித்த ஒரு மீட்டர் எர்த் ராடு. வீட்டு எர்த்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், அதுதான் இரைச்சலின் ராஜபாட்டை. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எஃப்டி240-31 என்ற ஃபெரைட் வளையத்தில் அதே கோஆக்ஸ் கேபிளை (ஆர்ஜி-58 வகை) பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மீட்டர் 9-லிருந்து 4-க்கு இறங்கலாம். பதறாதீர்கள், குரல்கள் அப்போதுதான் மேலே வரும்.

சரியான நீளம் எது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (சேலம்)

நாம் 'லாங் வயர்' என்று அழைப்பதில் பெரும்பாலானவை லாங் வயரே அல்ல. ஓர் அலைநீளத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 42 மீட்டருக்கு மேல். அதைவிடக் குட்டையானது 'ரேண்டம் வயர்', அதாவது கைக்கு வந்த நீளம்.

9:1 டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்க்கும்போது அரை அலைநீளத்தையும் அதன் மடங்குகளையும் தவிர்ப்பது நல்லது. அந்த நீளத்தில் கம்பி முனையின் மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறிவிடும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை மீட்டரில் வரும், 7.1-க்கு 20 மீட்டர். திண்டுக்கல்காரர் கட்டியிருப்பது சரியாக அதைத்தான்! 12.5, 17.7, 25.6 மீட்டர் என்று கட்டுகிறவர்கள் அதிகம்.

ஆனால் கேட்பதற்கு மட்டும் என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வானத்திலிருந்து வரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு. வீட்டு இரைச்சலைத் தீர்த்த பிறகு ஆன்டெனாவைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் கம்பி போதும்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய வயரைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும், பிவிசி உறையை உரிக்க வேண்டாம். 30 மீட்டருக்கு மேல் தொங்கவிட்டால் மென்மையான செம்பு நாளடைவில் இழுபட்டுத் தொய்யும், அவ்வளவுதான்.

எங்கள் வளவில் பனையும் தென்னையும் நிற்கின்றன. மரத்தில் கட்டினால் காற்றுக்கு அறுந்துபோகிறது, என்ன செய்யலாம்? (யாழ்ப்பாணம்)

இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். ஒரு முனையை மட்டும் கட்டுங்கள். மறுமுனையில் இன்சுலேட்டருக்கு அப்பால் கயிறு, கயிறு ஒரு கப்பி வழியாகக் கீழே இறங்கட்டும், அதன் நுனியில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல். மரம் ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், கம்பியின் இழுவை அதிகரிக்காது. தென்னை அதிகம் ஆடும். நிலையாகக் கட்டும் முனைக்குப் பனைதான் நல்லது. ஆணி அடிக்க வேண்டாம், கயிறு சுற்றினால் போதும். சாதாரண நைலான் வெயிலில் இற்றுவிடும், பாலியெஸ்டர் கயிறு அதைவிடத் தாங்கும். அணிலுக்கு எந்தக் கயிறும் ஒன்றுதான்.

உயரத்துக்குக் கயிறு ஏற்றக் கவணும் தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் போதும். பனை ஏறுகிறவர் வரும் வழியில் கம்பி குறுக்கே போகிறதா என்று அவரையே கேட்டுவிடுங்கள். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத இடமாக இருக்க வேண்டும்.

தென்னந்தோப்பில் 100 மீட்டர் நேர்கோடு கிடைக்கிறது. பெவரேஜ் ஆன்டெனா போடலாமா? (பொள்ளாச்சி)

கொடுத்து வைத்தவர்! தரைக்கு அருகில் ஒரு திசையை நோக்கி நீளமாகப் போடும், கேட்பதற்கான கம்பி அது. பெவரேஜ் என்பது பானம் அல்ல, ஆள் பெயர்: ஹெரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் அடித்து உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னலைக் கேட்டது இந்த வகைக் கம்பியில்தான்.

இதன் வேடிக்கை, மண் மோசமாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். மண்ணில் சக்தியை இழந்து அலையின் அடிப்பகுதி பின்தங்கும், அலைமுகம் சாயும். அந்தச் சாய்வுதான் கம்பியின் நீளவாக்கில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. காய்ந்த செம்மண் உத்தமம். உப்பளத்தின் மேல் போட்டால் வீண்.

உயரம் 2.5 மீட்டர் போதும். டிராக்டர் போகும் பாதையில் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். நீளம் ஓர் அலைநீளமாவது வேண்டும். உங்கள் 100 மீட்டர் 80 மீட்டர் பேண்டுக்கும் 40 மீட்டருக்கும் தாராளம், 160-க்குக் குறைவு. ஒரு முனையில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் 470 ஓம் ரெசிஸ்டர், இரண்டு முனையிலும் எர்த் ராடு. ரெசிஸ்டர் கார்பனோ மெட்டல் ஃபிலிமோ இருக்கட்டும், கம்பி சுற்றிய வகை கூடாது. ரெசிஸ்டர் இருக்கும் திசையிலிருந்து வருவதைத்தான் கம்பி கேட்கும்.

திசையைச் சுவர் வரைபடத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பூகோள உருண்டையை எடுத்து நூல் பிடியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து லண்டன் ஏறக்குறைய நேர் வடமேற்கு. நியூயார்க்கோ அதைவிட வடக்கே, வடக்கிலிருந்து இருபது, இருபத்தைந்து பாகைதான் மேற்கே சாய்ந்திருக்கும். டோக்கியோ வடகிழக்கு. ஐரோப்பாவுக்குப் போட்ட கம்பி அமெரிக்காவையும் ஓரளவு பிடித்துத் தரும்.

தென்னை மட்டை விழுந்து கம்பி அறும். மாதம் ஒருமுறை நடந்து பாருங்கள்.

எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) கம்பியைச் செருகியதும் தூத்துக்குடி வானொலி எங்கு திருப்பினாலும் கேட்கிறது! (திருச்செந்தூர்)

தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் உங்களுக்கு அண்டை வீடு. 8 பிட் டாங்கிள் அந்த வெள்ளத்தில் மூழ்கி, இல்லாத சிக்னல்களைத் தானே உண்டாக்குகிறது. சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டனுவேட்டர் போட்டுப் பாருங்கள். உண்மைச் சிக்னல் 10 குறையும், போலி அதைவிட அதிகமாக விழும். 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் தீரும்.

இதே கம்பியில் டிரான்ஸ்மிட் செய்யலாமா?

கூடாது, சின்ன கோரும் அரை வாட் ரெசிஸ்டரும் தாங்காது. லைசென்ஸ் உள்ளவர் வேறு ஆன்டெனாவில் பேசும்போதுகூட, பக்கத்தில் இருக்கும் இந்தக் கம்பி வழியாக ரிசீவரின் முகப்பு எரிந்துபோகலாம். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தியதும் கம்பியைத் துண்டிக்கும் ரிலே ஒன்று வையுங்கள்.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு? கேபிள் முனையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தால் போதுமா?

அந்தப் பாட்டில் வித்தை உலகம் முழுக்க இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் துளைத்து வந்த மின்னலுக்குக் கண்ணாடி ஒரு தடையா? வாயுக் குழாய் அரெஸ்டர், பக்கத்து இடியின் தூண்டலுக்கும் காய்ந்த காற்றில் கம்பியில் சேரும் மின்னூட்டத்துக்கும் உதவும். நேரடி அடிக்கு உதவாது.

கேபிளை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றும்படி ஓர் இணைப்பு வையுங்கள், அங்கேயே எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் கேட்டு முடித்ததும் கழற்றுவது என் வழக்கம். இடிச் சத்தம் காதில் விழுந்த பிறகு கழற்ற ஓடாதீர்கள். அப்போது ரிசீவர் போனால் போகட்டும்.