ஆசிரியர் வழிகாட்டியில் திரையை விவரிக்க வேண்டாம்

தமிழ் ‘க’ எழுத்தின் வெவ்வேறு ஒலிகள் பற்றிய 40 நிமிட இணையப் பாடத்துக்கு நீங்கள் எழுதிய வழிகாட்டி 14 பக்கம் நீண்டும், பெங்களூர் ஞாயிறு வகுப்புத் தன்னார்வலர்கள் திரையைப் பார்த்தே வாசிக்கிறார்கள் என்றால், திரை விவரிப்பை முழுவதும் நீக்கிவிட்டு, ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகளையும் குழந்தைகள் சொல்லக்கூடிய தவறான விடைகளையும் மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும்.

பாடத்தை முடித்த பின், திரை வரிசையிலேயே வழிகாட்டியை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திரையில் உள்ளதையே திரும்பச் சொல்லும் தாளை யாரும் புரட்டுவதில்லை.

உங்கள் பாடத்தில் கடினமான இடம் ஒன்றுதான். கன்னடத்தில் ‘க’ இன ஒலிகளுக்கு, ‘ங’ என்ற மெல்லெழுத்து நீங்கலாக, நான்கு தனி எழுத்துகள் உண்டு. அதில் பழகிய குழந்தைக்கு, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்ற மூன்றிலும் ஒரே ‘க’ வெவ்வேறாக ஒலிப்பது குழப்பமாகவே இருக்கும். “இரட்டித்தால் அழுத்தம், ‘ங்’ முன்னால் வந்தால் மென்மை, இரு உயிரொலிகளுக்கு நடுவே இன்னும் தளர்வு” என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே அங்கே எழுதிக் கொடுத்து, 15 நிமிடம் ஒதுக்குங்கள். தளத்தில் நுழையும் முறைக்கு ஒரு வரி போதும்.

சரிபார்க்க, பாடத்தைப் பார்த்திராத ஒருவரிடம் வழிகாட்டியை மட்டும் கொடுத்து, கணினி இல்லாமல் முதல் பத்து நிமிடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கும் வரியைத் திருத்துங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: திரை எண்களைக் குறிப்பிடாதீர்கள். பாடத்தில் ஒரு பக்கம் கூடினாலும் எண்கள் மாறிவிடும் என்பதால், பகுதித் தலைப்பையே எழுதுங்கள். இணையம் நின்றுபோனால் பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடர, அந்த மூன்று சொற்களையும் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே தந்துவிடுங்கள்.