அந்த ஃபேக்டரி வேலையை ஏன் தடுத்தீர்கள்?

கேள்வி: என் மகன் 2024-இல் கணினி அறிவியல் பட்டம் முடித்தான். பி.டி.பி.டி.என் உயர்கல்விக் கடன் வேறு இருக்கிறது. பினாங்கு, கோலாலம்பூர் என்று நூற்றுக்கணக்கில் மனு போட்டுவிட்டான். ஒன்றும் அமையவில்லை, இப்போது கிராப் வாடகை வண்டி ஓட்டுகிறான். புதிய பட்டதாரிகள் மனுச் செய்யலாம் என்று விளம்பரம் போட்டுவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். மாண்டரின் தெரியுமா என்கிறார்கள். அரசாங்கமோ 60,000 பொறியியலாளர்கள் தேவை என்கிறது. எது உண்மை? என் இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் 35,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து அவனை ஏ.ஐ துறையில் மாஸ்டர்ஸ் படிக்க வைக்கலாமா? (பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் ஃபேக்டரி ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியராக 2,900 வெள்ளி சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் பிறை ஃபேக்டரியில் இத்தனை வருடம் ஷிஃப்ட் பார்த்தது போதாதா, அவனும் ஃபேக்டரியில் நிற்க வேண்டுமா என்று நான்தான் தடுத்துவிட்டேன்.)
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மாஸ்டர்ஸ் வேண்டாம். இ.பி.எஃப் பணத்தைத் தொடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அரசாங்கம் சொல்வதும் பொய்யில்லை, உங்கள் மகனுக்கு வேலை கிடைக்காததும் பொய்யில்லை. 60,000 என்பது 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் (மின்னணுச் சில்லு, அதாவது சிப்) வியூகத்தில் வரும் எண். சிப் தொழிலுக்காக வரும் ஆண்டுகளில் இத்தனை பேரைப் பயிற்றுவித்து உருவாக்குவோம் என்ற இலக்கு அது. நாளைக் காலையில் நிரப்ப வேண்டிய காலியிடம் என்று அதைப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிப் தொழில் முதலில் தேடுவது மின்னியல் படித்தவர்களை. கணினி அறிவியல் படித்தவருக்கும் அங்கே வாசல் உண்டு, ஆனால் அது பக்கவாட்டில் இருக்கிறது. அந்த வாசலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சாத்தியவர் நீங்கள்.

தம்பியிடம் ஏதோ குறை என்று வீட்டில் பேச்சு நடந்தால் அதை நிறுத்துங்கள். கூகிளும் மைக்ரோசாஃப்ட்டும் பிறந்த அமெரிக்காவிலேயே நிலைமை இதுதான். அந்நாட்டு மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட கணக்கில், அண்மையில் பட்டம் பெற்றவர்களில் வேலையில்லாதவர்கள் கணினி அறிவியலில் 6.1 விழுக்காடு, கணினிப் பொறியியலில் 7.5. கலை வரலாறு படித்தவர்களிடையே அது 3 விழுக்காடுதான்! கொரோனா காலத்தில் தொழில்நுட்ப நிறுவனங்கள் அள்ளி அள்ளி ஆள் எடுத்தன. 2022 மார்ச்சிலிருந்து அங்கே வட்டி ஏறத் தொடங்கியதும் அதே வேகத்தில் ஆட்களை அனுப்பின. அந்த ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. சின்னப் பிழை திருத்துவது, படிவப் பக்கம் கட்டுவது என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கும் வேலையை இப்போது மூத்தவரே ஏ.ஐ-யை வைத்து மாலைக்குள் முடித்துவிடுகிறார். அந்தக் காற்று, நம் ஐ.டி நிறுவனங்கள் இருக்கும் பாங்சார் சவுத்துக்கும் சைபர்ஜெயாவுக்கும் வராமல் இருக்குமா?

இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்களே என்கிறீர்கள். எனக்கும் எரிச்சல்தான். நாற்றங்கால் போட மாட்டார்களாம், கதிர் மட்டும் வேண்டுமாம். புதியவரை எடுத்து ஒரு வருடம் பழக்கினால் அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு ஓடிவிடுகிறார் என்று முதலாளிகள் புலம்புவார்கள். கொடுக்கிற சம்பளத்துக்கு ஓடாமல் என்ன செய்வார் என்று அவர்களிடம் கேட்க ஆளில்லை.

மாண்டரின் விவகாரம் வேறு. சீன, தைவான் வாடிக்கையாளரிடம் தினமும் பேச வேண்டிய வேலை என்றால் அந்த நிபந்தனையில் நியாயம் உண்டு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து நிரல் எழுதுகிறவருக்கும் அதே நிபந்தனை போட்டால், அது இனத்தை வடிகட்டும் சல்லடை. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இதற்குச் சட்டத்தின் துணையை நாடவும் இடம் குறைவு. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பாகுபாடு பற்றி 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அது பேசுவது முதலாளிக்கும் ஏற்கெனவே அவரிடம் வேலை செய்பவருக்கும் இடையிலான தகராறைத்தான். வேலை கேட்டு வாசலில் நிற்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை. நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் இது, பொங்கல் விருந்து மேடையில் அல்ல.

இனி மாஸ்டர்ஸ். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு இ.பி.எஃப்-இல் பணம் எடுக்க விதி இடம் தருகிறது, உண்மைதான். விதி இடம் தருகிறது என்பதற்காக எடுத்துவிட முடியுமா? படித்து முடிக்கும்போது தம்பிக்கு வயதும் கூடியிருக்கும், கடனும் அப்படியே இருக்கும், வேலை அனுபவம் அதே பூஜ்யம். ஏ.ஐ பெயரைப் போட்டு வரும் புதுப் படிப்புகளில் நல்லவையும் உண்டு. ஆனால் ஏ.ஐ வேலைக்கு ஆள் எடுக்கிறவர், நிஜமான தரவை வைத்து எதையாவது ஓடவிட்டுப் பார்த்தவரைத்தான் முதலில் தேடுகிறார். கல்லூரியின் பளபளப்பான கையேட்டில் இது இருக்காது.

அந்த நிஜத் தரவு எங்கே கொட்டிக் கிடக்கிறது தெரியுமா? நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவைத்த அந்த வேலையில்.

ஐயா, டெஸ்ட் இன்ஜினியர் என்றால் உற்பத்தி லைனில் நின்று பொருளைப் பொறுக்குகிற வேலை என்றா நினைத்தீர்கள்? உலகில் சிப்களைச் சோதித்துப் பொதியும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது, அதில் பெரும்பங்கு பினாங்கைச் சுற்றித்தான். ஒவ்வொரு சிப்பும் வெளியே போகுமுன் ஒரு சோதனை இயந்திரத்தில் ஏறி இறங்க வேண்டும். அந்த இயந்திரம் என்ன மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், என்ன பதில் வந்தால் பாஸ், எது வந்தால் தள்ளுபடி என்பதையெல்லாம் நிரலாக எழுதுகிறவர்தான் டெஸ்ட் இன்ஜினியர். அட்வான்டெஸ்ட் 93000 என்ற பேர்போன இயந்திரத்துக்கு சி++, ஜாவாவில் எழுதுகிறார்கள், உங்கள் மகன் கல்லூரியில் படித்த அதே மொழிகள். சோதனை நேரத்தில் ஒரு விநாடி குறைத்தால் லட்சக்கணக்கான சிப்களில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட வேண்டும். தள்ளுபடி திடீரென ஏறினால் தரவைக் குடைந்து காரணம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே பத்து காவானில், சிப்களையும் சர்க்யூட் பலகைகளையும் கேமராவால் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் இயந்திரங்களை விட்ராக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் செய்து உலகத்துக்கு விற்கிறது. அதன் மூளை மென்பொருள்தான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி லைன் நின்றால் போன் வரும். மின்னணுவியலில் அடிப்படை தெரியாமல் முதல் ஆறு மாதம் திணறுவான். சிப் தொழிலும் ஏறி இறங்குவதுதான். 1972 முதல் பினாங்கில் இருக்கும் சிப் நிறுவனமான இன்டெல்லே, 2024 ஆகஸ்டில் உலகம் முழுக்க சுமார் 15,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. 2,900 வெள்ளியும் பெரிய தொகை இல்லை. ஆனால் விளம்பரங்கள் கேட்கும் அந்த இரண்டு வருடம் அங்கேதான் கிடைக்கும், அதுவும் சம்பளத்தோடு.

உங்கள் கோபம் புரியாமல் இல்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு வந்த தலைமுறை, பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் உங்கள் கால் வலிக்கு அவன் சம்பளத்தைப் பலி கொடுக்க முடியாது.

இந்த வாரமே அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குத் தம்பி எழுதட்டும். இடம் போயிருந்தால் அடுத்து எப்போது எடுப்பீர்கள், அதற்குள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கட்டும். 1989 முதல் நடக்கும் பி.எஸ்.டி.சி திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸிலேயே இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி பற்றி அங்கே நேரில் போய் விசாரிக்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.