நாயுருவி

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். நாங்கள் நால்வர் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குளம் குளமாகப் போய்ப் பறவை பார்க்கிறோம். மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் சென்ற நவம்பரில் நியூசிலாந்து போய்வந்தோம். 16 நாட்களில் 68 வகைப் பறவைகளைப் பார்த்தோம். கிவியை மட்டும் பார்க்க முடியவில்லை, இரவில் குரல்தான் கேட்டது. ஆக்லாந்தில் இறங்கியதும் கண்ணில் பட்டது நம் ஊர் மைனாவும் சிட்டுக்குருவியும். இதற்கா இத்தனை செலவு என்று தோன்றியது.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டிரிடிரி மட்டாங்கி என்ற தீவுக்குப் படகேறும்போது எங்கள் காலணிகளைத் தூரிகையால் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு வயதான அம்மையார் என் நண்பரின் கேமரா பையை முழுவதும் கொட்டிக் காட்டச் சொன்னார். அன்று மாலை வரை நண்பர் யாரிடமும் பேசவில்லை. பறவைகளை நேசித்து இவ்வளவு தூரம் வந்த எங்களையே சந்தேகப்பட்டால் எப்படி?

இந்தப் பயணத்தைக் கட்டுரையாக எழுத விரும்புகிறேன். அந்த ஊர்ப் பறவைகளின் பெயர்களைத் தமிழாக்க வேண்டுமா, அப்படியே எழுதலாமா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஆர்., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.,

பறவை பார்ப்பதற்காக நான்கு நண்பர்கள் மூன்று வருடம் சீட்டுக் கட்டினீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. உங்களை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கழுத்தில் பைனாகுலரோடு நீங்கள் நால்வரும் விமான நிலையத்தில் நிற்பது எனக்குத் தெரிகிறது. கிவியைப் பார்க்கவில்லை என்று வருந்த வேண்டாம். இருட்டில் அதன் குரலைக் கேட்டதே பெரிய பாக்கியம். 68 என்ற கணக்கை உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் காலணி விஷயத்தைப் படித்தபோது உங்கள்மேல் கோபம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இரண்டு மாதமாக எங்கள் ஊர் ஏரியில் இளைஞர்கள் சிலர் ஆகாயத்தாமரை அள்ளுகிறார்கள். நானும் ஞாயிறுதோறும் போய்க் கரையில் நின்று கயிறு இழுக்கிறேன். இந்த வாரம் அள்ளிய இடம் அடுத்த மாதம் மறுபடி மூடிக்கொள்கிறது. தென்னமெரிக்கச் செடி அது. ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஏரியைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்து ஒருவரும் கொண்டுவரவில்லை. இந்த நினைப்பிலேயே நான் உழன்றுகொண்டிருந்த நேரத்தில், 'நேசித்து வந்த எங்களையே சந்தேகப்பட்டால் எப்படி' என்ற உங்கள் வரி வந்து சேர்ந்தது.

ஆக்லாந்தில் மைனாவைப் பார்த்து அலுத்துக்கொண்டீர்கள். அது எப்படி அங்கே போனது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 1870களில் குடியேறிகள் கொண்டுபோய் விட்டது அது. பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் என்ற நம்பிக்கை. சிட்டுக்குருவியும் அப்படித்தான் போனது. இன்று மைனா அந்த ஊர்ப் பறவைகளின் கூட்டில் புகுந்து முட்டையைக் குடிக்கிறது. கறிக்கும் வேட்டைக்கும் முயலை விட்டார்கள். முயல் பெருகி ஆட்டுக்கான புல்லைத் தின்றதும், அதைப் பிடிக்க 1880களில் ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்தார்கள். நம் கீரிப்பிள்ளை போல மெலிந்து நீண்ட உடம்பு அதற்கு. பறக்கத் தெரியாத பறவைகள் காடெங்கும் நிற்கும்போது அது ஏன் முயலைத் துரத்தப் போகிறது?

அந்தப் பறவைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும், பார்த்துவிட்டே வந்திருக்கிறீர்கள். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இல்லாத தேசத்தில் உருவானவை. எதிரி என்றால் மேலேயிருந்து வரும் கழுகு, வல்லூறு மட்டும். அவை கண்ணால் தேடுபவை. அதனால் ஆபத்து வந்தால் அசையாமல் நின்றால் போதும். காகாப்போ என்ற பெரிய கிளி பாசி நிறத்தில் பாசியோடு பாசியாக நிற்கும். ஆனால் அதன் உடம்பில் ஒரு வாசம் உண்டு. மூக்கால் தேடும் பிராணி வந்த அன்று, அத்தனை காலம் காப்பாற்றிய 'அசையாமல் நிற்றல்' அதன் சாவாகிவிட்டது. 1995இல் எண்ணிப் பார்த்தபோது உலகத்தில் மிச்சமிருந்த காகாப்போ 51. இன்று இருநூற்றைத் தாண்டியிருக்கிறது என்றால், ஸ்டோட்டும் எலியும் இல்லாத தீவுகளில் கொண்டுபோய் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் ஆள் காத்துக் கிடந்ததால்தான்.

சரி, நேசம் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா? நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் ஸ்டூவர்ட் தீவுக்குத் தென்மேற்கே பிக் சவுத் கேப் என்று ஒரு தீவு. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ரகியுரா மாவோரிகளுக்குப் பரம்பரை உரிமை உள்ள இடம். வருடாவருடம் ஏப்ரல், மே மாதங்களில் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கி, டீட்டி என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவருவார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்பதுகூடத் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டது. அந்தத் தீவின்மேல் அவர்களுக்கு இருந்த பற்று, பைனாகுலரோடு போகும் உங்களுக்கும் எனக்கும் ஒருநாளும் வராது. பெருநிலத்தில் அழிந்துவிட்ட பறவைகள் பல அங்கே பிழைத்திருந்தன. எலி இல்லை, அவ்வளவுதான் காரணம்.

1960களின் தொடக்கத்தில் அங்கே எலி கரையேறியது. அந்தப் பக்கம் வந்துபோன படகுகளில் ஏதோ ஒன்றிலிருந்து. எந்தப் படகு என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் கட்டிய கயிறு வழியாக இறங்கியிருக்கலாம், அரிசி மூட்டையோ மாவு மூட்டையோ சுமந்து வந்திருக்கலாம். 1964இல் போன குடும்பங்கள் பார்த்தபோது குடிசைகளை எலிகள் கடித்துக் குதறியிருந்தன. அபாயக் குரல் எழுப்பியவர்களும் அவர்கள்தான்.

அன்றைக்கு விஞ்ஞானிகள் சிலரே அதை நம்பவில்லை. எலி வந்தால் என்ன, கொஞ்ச காலத்தில் தானே ஒரு நிலைக்கு வந்துவிடும், நாம் கை வைக்கக்கூடாது என்று வாதாடினார்கள். வனவிலங்குத் துறையின் டான் மெர்ட்டன், பிரையன் பெல் ஆகியோர் அடங்கிய ஒரு சிறு குழு அந்த வருடமே போய், முதுகில் செம்பழுப்புச் சேணம் போட்டதுபோல் இருக்கும் சேடில்பேக் பறவைகளில் 36ஐப் பிடித்து, எலி எட்டாத சிறு தீவுகளில் விட்டது. தென்தீவின் சேடில்பேக் என்று இன்று உலகில் எத்தனை இருந்தாலும் எல்லாம் அந்த 36இன் வம்சம். புதர் ரென் என்ற குட்டிப் பறவையில் ஆறு கிடைத்தன. இடம் மாற்றி விட்டும் சில வருடங்களில் அந்த இனம் முடிந்துபோனது. ஓர் உள்ளான் இனமும் அந்தத் தீவோடு போயிற்று. ஒரு வௌவால் இனத்தை 1967க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

எண்ணிப் பாருங்கள் தம்பி. மூன்று உயிரினங்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அந்தத் தீவை உயிராக நினைத்தவர்களின் படகிலேயேகூட அந்த எலி வந்திருக்கலாம். நேசம் இருந்தால் மூட்டைக்குள் எலி ஏறாதா? நேசிப்பவனின் காலணிப் பள்ளத்தில் மண் ஒட்டாதா? நியூசிலாந்தின் வடக்கே கௌரி மரங்கள் இருக்கின்றன. ஆயிரம் வருடம் தாண்டி நிற்பவை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் வேரில் புகுந்து அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறது. குண்டூசித் தலையளவு மண் காலில் ஒட்டினால் போதும், அது அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்த மண்ணைச் சுமப்பவர்கள் யார்? மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க ஆசையாகப் போகிறவர்கள்தான். வெறுப்பவன் அந்தக் காட்டுக்கே போகமாட்டான்.

டிரிடிரி மட்டாங்கி நூறு வருடத்துக்கும் மேலாக மேய்ச்சல் நிலமாகக் கிடந்த தீவு. மொட்டைத் தீவு. 1984இலிருந்து பத்து வருடம் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் குடும்பங்களும் போய் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளைக் கையால் நட்டார்கள். 1993இல் எலியை ஒழித்தார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஒவ்வொரு பறவையாகக் கொண்டுவந்து விட்டார்கள். நீங்கள் அங்கே பார்த்த காடு உங்கள் வயதுதான் இருக்கும். உங்கள் நண்பரிடம் பையைக் கொட்டச் சொன்ன அந்த அம்மையார் நாற்பது வருடத்துக்கு முன் அங்கே கன்று நட்டவராக இருக்கலாம். கோக்காக்கோ பறவை உட்கார்ந்து பாடிய மரமே அவர் கை வைத்ததாக இருக்கலாம். அவர் உங்கள் குணத்தைச் சந்தேகப்படவில்லை, பையின் மூலையைத்தான் சந்தேகப்பட்டார். அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாராம் உங்கள் நண்பர்! இத்தனை அழகான தீவில் ஒரு பகலை இப்படியா வீணடிப்பது?

நானும் நியூசிலாந்து போயிருக்கிறேன். மூன்று நண்பர்களோடு, வருடங்கள் ஆயிற்று. எங்களில் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதிலும் சுத்தம் பார்ப்பவர். விமானத்தில் கொடுத்த படிவத்தில் காட்டில் நடந்த காலணி இருக்கிறது என்று எழுதிவிட்டார். ஆக்லாந்தில் ஓர் இளைஞர் அதை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இடுக்கியை எடுத்தார். காலணியின் ஒட்டுப்பட்டைக்குள்ளிருந்து மெல்ல ஒன்றை உருவி வெள்ளைத் தட்டில் வைத்தார். நாயுருவி விதை. நண்பரின் ஊர்க் கிணற்றடி நாயுருவி. சின்ன வயதில் காற்சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால் அம்மா திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாளே, அதே விதை. பதினோராயிரம் கிலோமீட்டருக்கும் மேல், இரண்டு விமானம் மாறி, ஒரு சத்தமும் இல்லாமல் வந்திருக்கிறது.

அந்த இளைஞர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. விதையைச் சிறு உறையில் போட்டார், காலணிகளை உள்ளே கொண்டுபோய்க் கழுவிக் கொடுத்தார். நண்பர் அதைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவமானம் இல்லை. பயந்திருந்தார். 'நான் கவனமாகத்தானே எடுத்துவைத்தேன்' என்று மட்டும் சொன்னார். பயணம் முடியும்வரை ஒவ்வொரு படகுத்துறையிலும் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து அவர்தான் தேய்க்க ஆரம்பிப்பார். எங்கள் காலணிகளையும் வாங்கிக் குச்சியால் பள்ளம் பள்ளமாகக் கிளறுவார்.

ஸ்டூவர்ட் தீவிலிருந்து உல்வா என்ற சின்னத் தீவுக்குப் போனோம். பத்து நிமிடப் படகு. அங்கே 1997இல் எலியை ஒழித்தார்கள். அப்புறமும் எலி நீந்தியோ படகேறியோ வந்திருக்கிறது, விடாமல் ஒழிக்கிறார்கள். அந்த 36இன் வம்சத்தைச் சேர்ந்த சேடில்பேக் ஒன்று எங்கள் தலைக்கு மேலே மரப்பட்டையை உரித்துத் துகள்களை எங்கள்மேல் கொட்டிக்கொண்டே போனது. கொஞ்ச தூரத்தில் நண்பர் குதிகாலால் சருகை லேசாகக் கிளறிவிட்டுப் பின்வாங்கி நின்றார். அப்படிச் செய்தால் ராபின் வரும் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். வந்தது. நீண்ட மெல்லிய கால், சாம்பல் உடம்பு, கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. கிளறிய மண்ணில் இரண்டு புழுவைக் கொத்தியது. பிறகு நேராக நண்பரின் காலணிமேல் ஏறி நின்று, கயிற்றின் நுனியை அலகால் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. மனிதன் என்றால் பயப்பட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நண்பர் மூச்சுகூட விடவில்லை. அது போன பிறகும் அந்தக் காலை அசைக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படியே எழுதுங்கள். டூயி, கோக்காக்கோ, டகாஹே என்றே இருக்கட்டும். அவற்றில் பல, குரலைக் கேட்டு மாவோரிகள் வைத்த பெயர்கள். காகா என்று ஒரு கிளி இருக்கிறது, நம் காக்காவைப் போலவே கத்தலிலிருந்து பிறந்த பெயர். இதைத் தமிழாக்கி என்ன ஆகப்போகிறது? மைனாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் மட்டும் தமிழில் பெயர் எழுதுங்கள். நம் ஊரில் பார்க்கும் பறவைகளும் அங்கே போயிருக்கின்றன என்று படிப்பவருக்குத் தெரியட்டும்.

கட்டுரை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்தப் படகுத்துறையை அதில் விட்டுவிட வேண்டாம். அம்மையார் சொல்லி உங்கள் நண்பர் பையைக் கொட்டினாரே, அதிலிருந்து என்ன விழுந்தது? கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்.