வாசகர் கேள்வி – பதில்: சாரதா சட்டமும் கடலூர், புதுச்சேரிச் சிறுமியரும்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்த என் பாட்டிக்கு 1933ஆம் ஆண்டில், 11 வயதில் திருமணம் நடந்தது. சாரதா சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டதே! அந்தத் திருமணம் செல்லாததா? யாரும் ஏன் தடுக்கவில்லை?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: உங்கள் பாட்டியின் திருமணம் சட்டப்படி செல்லும். சாரதா சட்டம் எனப்படுவது, ஹர்பிலாஸ் சாரதாவின் முயற்சியால் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம். அது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வகுத்ததே தவிர, அதை மீறி நடந்த திருமணத்தைச் செல்லாததாக்கவில்லை. நடத்தி வைத்தவர்களைத் தண்டிப்பதோடு நின்றுகொண்டது. அந்தத் தண்டனையும் அதிகபட்சம் 1 மாத வெறுங்காவல், 1,000 ரூபாய் அபராதம் என்ற அளவுதான்.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கான விடை சட்டத்தின் பிரிவுகளிலேயே இருக்கிறது. போலீசார் தாமாக வழக்குப் பதிய முடியாது. யாராவது ஒருவர் முன்வந்து, திருமணம் நடந்து ஓராண்டுக்குள், மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமே நேரடியாகப் புகார் கொடுக்க வேண்டும். புகார் பொய்யென்று தீர்ந்தால் எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கொடுப்பதற்கு ஈடாக, 100 ரூபாய் வரை பிணைப்பத்திரம் எழுதித் தரும்படியும் அவரிடம் கேட்கப்படும். உறவையும் தெருவையும் பகைத்துக்கொண்டு, கைப்பணத்தையும் பணயம் வைத்து, அடுத்த வீட்டுச் சிறுமிக்காக நீதிமன்றப் படி ஏற எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? போதாக்குறைக்கு, நடக்கவிருக்கும் திருமணத்தை நிறுத்தி வைக்க உத்தரவிடும் அதிகாரமே 1938ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீதிமன்றத்துக்கு வந்தது. 1933இல் உங்கள் பாட்டிக்காக ஒருவர் ஓடியிருந்தாலும், தாலி ஏறிய பிறகுதான் சட்டம் அவருக்குக் காது கொடுத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் நிறைவேறியதற்கும் நடப்புக்கு வந்ததற்கும் இடைப்பட்ட 6 மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைத் திருமணங்கள் நடந்தன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் குழந்தை மனைவியரின் எண்ணிக்கை குறையாமல் கூடியே இருந்தது. காக்க வந்த சட்டம், தன் குறைகளால், ஆயிரமாயிரம் சிறுமியரை முன்கூட்டியே மணவறைக்கு அனுப்பியது என்பதே என் கருத்து.

கேள்வி: 1891ஆம் ஆண்டுச் சம்மத வயதுச் சட்டம் எதற்காக வந்தது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி, மனைவிக்கு 10 வயது நிறைந்துவிட்டால் கணவனின் செயல் பலாத்காரம் ஆகாது. கல்கத்தாவில் 11 வயதை ஒட்டியிருந்த பூல்மணி தாசி, கணவனின் வன்செயலால் உயிரிழந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால், கணவன் ஹரிமோகன் மைதி மீது பலாத்காரக் குற்றம் நிற்கவில்லை. குறைந்த குற்றம் ஒன்றுக்காக 1 ஆண்டு சிறை மட்டுமே கிடைத்தது. அந்தக் கொந்தளிப்பில்தான் 1891இல் அந்த வயது வரம்பு 12 ஆனது. பின்னர் 1925இல் மனைவிக்கு 13, 1949இல் 15. அதை 18 என்று உச்ச நீதிமன்றம் திருத்திப் படித்தது 2017இல். ஒரு சிறுமியின் உடல் அவளுடையதே என்று ஒப்புக்கொள்ள இத்தனை தலைமுறைகள் ஆனது மனத்தை வருத்துகிறது.

கேள்வி: பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சாரதா சட்டம் பொருந்தியதா?
– வாசகி, பாகூர்

பதில்: பொருந்தவில்லை. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். கடலூரிலிருந்து வடக்கே பெண்ணையாற்றைக் கடந்து சிறிது தூரம் போனால் பிரெஞ்சு எல்லை. அங்கே 1819 ஜனவரி 6 ஆணைப்படி, இந்தியர்களின் குடும்ப விவகாரங்கள் அவரவர் சாதி வழக்கத்துக்கே விடப்பட்டிருந்தன. எல்லை தாண்டித் திருமணம் முடித்துவரும் பிரிட்டிஷ் இந்தியரையும் தண்டிக்க வழி செய்தது 1938ஆம் ஆண்டின் திருத்தம்தான்.

1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பியவர்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. பொன்னுத்தம்பி பிள்ளை முன்னின்ற அந்த இயக்கத்தில் துறந்தவர்களின் வழித்தோன்றல்களையே இன்றும் ரெனோன்சான் என்கிறோம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தன் முதல் பிரிவிலேயே கூறுகிறது. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டியது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை, 18 வயது நிறையாத எந்தச் சிறுமிக்கும் அது உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் யாரும், பிணைப்பத்திரம் ஏதுமின்றி, தகவல் சொல்லலாம்.